விசேஷ வீட்டில் மறுநாள் காலை: 24 பேருக்கு முட்டை ரொட்டி கேசரோல்

எங்கள் ஊரில் கேசரோல் கேட்டால் சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்ஸைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பாத்திரக் கடையிலும் அந்தப் பெயர் அதற்கே ஒட்டிவிட்டது. நான் சொல்ல வருவது வேறு. கேசரோல் என்பது பிரெஞ்சுக்காரர்கள் ஒருவகைச் சமையல் பாத்திரத்துக்கு வைத்த பெயர். பிறகு அதில் வேகும் பண்டத்துக்கும் அதே பெயர் வந்தது. அமெரிக்க வீடுகளில் விருந்தாளிகள் தங்கியிருக்கும் நாளில் முதல் நாள் இரவே ரொட்டியை ட்ரேயில் அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி ஊறவிடுவார்கள். காலையில் ஓவனுக்குள் தள்ளினால் வேலை முடிந்தது. அதைத்தான் செட்டிநாட்டு மசாலாவோடு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு மறுநாள் செய்துகொண்டிருக்கிறேன்.

ஏன் மறுநாள்? விசேஷத்தன்று கவலையில்லை, சமையல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரவுப் பந்தி முடிந்ததும் அவர்கள் அண்டா குண்டாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அப்போதும் இருபது, இருபத்தைந்து பேர் படுத்திருப்பார்கள். காலையில் அத்தனை பேருக்கும் பணியாரம் சுடுவதாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஆறு என்றால் 144. ஏழு குழிச் சட்டியில் 21 ஈடு. சுடுகிறவர் ஒன்றரை மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் அவர் வாயில் ஒரு வாய் போகும். இந்த ட்ரே விஷயத்தில் எனக்குப் பிடித்ததே, சமைத்தவரும் முதல் பந்தியில் உட்காரலாம் என்பதுதான்.

முதலில் நாட்காட்டி

கறி வாங்கப் போவதற்கு முன் மறுநாள் என்ன கிழமை, என்ன திதி, என்ன நட்சத்திரம் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமையோ சஷ்டியோ கார்த்திகையோ வந்தால் வீட்டில் பாதிப் பேர் கறி தொட மாட்டார்கள், சிலர் முட்டையும் தொட மாட்டார்கள். அன்று பேசாமல் இட்லி ஊற்றிவிடுவது நல்லது. மற்ற நாள் என்றாலும் இரவே ஒரு சுற்றுப் போய், யார் முட்டை சாப்பிடுவார்கள், யார் அதிகாலைப் பல்லவன் ரயிலுக்குக் கிளம்புகிறார்கள் என்று தலையை எண்ணிவிடுங்கள். என் அனுபவத்தில் நான்கைந்து பேர் குறைவார்கள்.

முட்டை இல்லாமலும் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். கடலை மாவைத் தயிரில் கரைத்து ஊற்றி ஒருமுறை செய்தேன். வெந்தது, ஆனால் டோக்ளாவும் ரொட்டியும் சண்டை போட்டதுபோல் இருந்தது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு இரண்டு ஈடு இட்லி தனியாக வைத்துவிடுவதுதான் மரியாதை.

என்னென்ன வாங்க வேண்டும்

ட்ரே அளவுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். 33 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம், 5 முதல் 6 செ.மீ. ஆழம். இதில் ஒரு ட்ரே எட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும், 24 பேருக்கு மூன்று ட்ரே. ட்ரே வாங்குவதற்கு முன் உங்கள் ஓவனின் உள்ளளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். வெளிப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பி ட்ரே வாங்கி, கதவு மூடாமல் போனது எனக்கே நடந்திருக்கிறது.

பாத்திரக் கடையில் கிடைக்கும் கெட்டியான அலுமினிய ட்ரேயே போதும். கண்ணாடி ட்ரே என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைக்கக் கூடாது, விரிசல் விட்டுவிடும். சாமான் அறையில் அப்பத்தா காலத்து எனாமல் தட்டுகள், ட்ரேக்கள் இருக்கின்றனவே என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளிலும் அடுக்கடுக்காகக் கிடைக்கும். பார்க்க அழகுதான். ஆனால் பழைய எனாமல் பூச்சில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு, ஓரம் பெயர்ந்திருந்தால் இன்னும் மோசம். அதில் வெற்றிலை பாக்கு வையுங்கள். சமைக்க வேண்டாம்.

மூன்று ட்ரேக்கும் சேர்த்து முட்டை 30, அதாவது சரியாக ஓர் அட்டை. பால் 2 லிட்டர், அரை லிட்டர் பாக்கெட்டாக நான்கு. 400 கிராம் சாண்ட்விச் ரொட்டி மூன்று. சீஸ் 600 கிராம். உருளைக்கிழங்கு 1 கிலோ, சின்ன வெங்காயம் முக்கால் கிலோ. ட்ரேயில் தடவ வெண்ணெயோ நெய்யோ கொஞ்சம். இரண்டு ட்ரேக்குக் கொத்துக்கறி போடுகிறேன், அதற்கு 800 கிராம் ஆட்டுக்கறி. மூன்றாவது ட்ரேக்கு ஒரு பெரிய கட்டு முருங்கைக்கீரை. கறி சாப்பிடாமல் முட்டை மட்டும் சாப்பிடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. முருங்கைக்கீரையும் முட்டையும் எவ்வளவு நன்றாகச் சேரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரொட்டி வாங்கும்போது மட்டும் கவனம். நம் பேக்கரிகளில் பால் ரொட்டி என்று கொடுப்பது பெரும்பாலும் இனிக்கும். மசாலாவோடு அந்த இனிப்பு ஒட்டவே ஒட்டாது. இனிப்புக் குறைவானதாகக் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் ரொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது.

பகலில் செய்ய வேண்டியது

ரொட்டியை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி வெள்ளைத் துணியில் பரப்பி முற்றத்தில் காயப்போடுங்கள். வற்றல் காயும் அதே இடம், அதே வெயில். எங்கள் பக்கத்து வெயிலுக்கு இரண்டு மணி நேரம் போதும். மேல்பக்கம் சரசரவென்று ஆகி, நடுவில் லேசாக மெத்தென்று இருக்க வேண்டும். காக்காய்க்கும் எறும்புக்கும் ஒரு பையனைக் காவல் வையுங்கள். காவல்காரன் தின்றுவிடுவதற்கும் சேர்த்து நாலு துண்டு கூடுதலாக நறுக்குங்கள். மழைக்காலம் என்றால் ஓவனில் 120 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுக்கலாம்.

இந்தக் காயவைக்கும் வேலையைத் தாண்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள். ஈரமான புது ரொட்டி பாலை ஊற்றியதும் கரைந்து களியாகிவிடும். காய்ந்த ரொட்டிதான் முட்டைப்பாலை உள்ளே இழுத்துக்கொண்டு, வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும்.

கொத்துக்கறி

சோம்பும் மிளகும் தலா இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, வரமிளகாய் எட்டு, பட்டை இரண்டு துண்டு, கிராம்பு நாலு, ஏலக்காய் இரண்டு, அன்னாசிப்பூ ஒன்று, மராத்தி மொக்கு ஒன்று. எல்லாவற்றையும் வெறும் சட்டியில் சிறு தீயில் வறுத்து, இறக்கும்போது கல்பாசி இரண்டு சிட்டிகை போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி, ஆறவிட்டுப் பொடியுங்கள். கல்பாசியை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், கசக்கும். செட்டிநாடு என்று பெயர் போட்டு விற்கும் பொடிகள் பலவற்றில் மிளகாய்தான் தூக்கலாக இருக்கும். எங்கள் வீட்டுக் கறியின் மணம் சோம்பிலும் மிளகிலும் இந்தக் கல்பாசியிலும்தான் இருக்கிறது.

நாலு மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் கால் கிலோ, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி என்று வரிசையாக வதக்குங்கள். தக்காளி ஒன்றே ஒன்று. பிறகு கறி, மஞ்சள், உப்பு. தண்ணீர் விட வேண்டாம், கறி விடும் தண்ணீரே போதும். மூடி வைத்து வேகவிட்டு, பொடியைத் தூவி, மூடியை எடுத்துவிட்டுச் சுருள வதக்குங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் சட்டியின் அடி தெரிய வேண்டும், அந்தக் கோட்டில் எண்ணெய் மட்டும்தான் ஊற வேண்டும். தண்ணீர் தங்கினால் நாளைக் காலையில் ட்ரேயின் அடியில் குளம் கட்டும். தேங்காய் அரைத்து விடும் ஆசையும் இன்று வேண்டாம், அதுவும் ஈரம்தான்.

உப்பும் காரமும் சோற்றோடு சாப்பிடும் அளவைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். முட்டையும் பாலும் ரொட்டியும் சேர்ந்தால் பாதிக் காரம் அடங்கிவிடும்.

உருளைக்கிழங்கைப் பச்சையாகப் போட்டால் ஒரு மணி நேரத்திலும் வேகாது. முக்கால் பதம் அவித்து, சின்னச் சதுரமாக நறுக்கி, எண்ணெயில் மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகுத்தூளோடு ஓரம் சிவக்க வறுத்துவையுங்கள். கீரையை ஈர்க்கு இல்லாமல் உருவி, மீதிச் சின்ன வெங்காயத்தில் பாதி, வரமிளகாய் நாலு சேர்த்து வதக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் நன்றாக ஆற வேண்டும். சூட்டோடு அடுக்கினால் முட்டை அங்கங்கே திரிந்துவிடும்.

இரவு அடுக்குவது

பாலை வழக்கம்போலக் காய்ச்சி முழுக்க ஆறவிடுங்கள், ஆடையை எடுக்க வேண்டாம். முட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் சேருங்கள். இருபத்தொன்பது நல்ல முட்டையை ஒரு கூமுட்டை கெடுத்துவிடும். மத்து இருக்கும்போது வேறு கருவி எதற்கு? முட்டையை மத்தால் நுரை பொங்காமல் கடைந்து, பாலைச் சேர்த்து, நாலு தேக்கரண்டி உப்பு, மூன்று தேக்கரண்டி மிளகுத்தூள், சிட்டிகை மஞ்சள் போட்டுக் கலக்குங்கள். ட்ரேக்குப் பத்து முட்டை, ஏறக்குறைய 650 மில்லி பால் என்று கணக்கு.

ட்ரேயில் வெண்ணெய் தடவி, அடியில் உருளைக்கிழங்கு. அதன்மேல் பாதி ரொட்டி, அதன்மேல் கொத்துக்கறியோ கீரையோ, பாதிச் சீஸ், மறுபடி ரொட்டி. மிச்சச் சீஸை இப்போது போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். முட்டைப்பாலை மூலையிலிருந்து மெதுவாக ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, கையால் ரொட்டியை அமுக்கி, மிச்சத்தையும் ஊற்றுங்கள். மேலே ஒரு விரல் இடமாவது காலியாக இருக்க வேண்டும். வேகும்போது பொங்கி எழும், ஆறியதும் அமரும்.

இனி ஃப்ரிட்ஜ். விசேஷ வீட்டு ஃப்ரிட்ஜில் மாலையும் தயிரும் அடைத்திருக்கும். அதில் மூன்று ட்ரேக்கு இடம் பிடிப்பதுதான் இந்தச் சமையலில் மிகக் கடினமான கட்டம். அதற்காக ட்ரேயை மூடி அடுப்படியில் வைத்துவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். பச்சை முட்டையும் பாலும் கறியும் நம் ஊர் இரவில் வெளியே கிடந்தால் கிருமி பெருகிவிடும், இரண்டு மணி நேரம்தான் எல்லை. 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் முட்டைப்பாலைத் தூக்கில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், கறி, கிழங்கு, கீரையை டப்பாவில் அடைத்து உள்ளே தள்ளுங்கள். ரொட்டி வெளியே மூடி இருக்கட்டும். காலையில் எழுந்ததும் அடுக்கி ஊற்றி, முக்கால் மணி நேரம் ஊறினாலும் போதும். ராத்திரி முழுக்க ஊறியது இன்னும் மிருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை, ஓவன் பாடு

ஓடிஜி என்று கடையில் சொல்லும் மின்சார ஓவன் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட் இழுக்கும். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். எங்களைப்போலப் பழைய வீடு என்றால் முகப்பில் இருக்கும் சின்ன பிளக்கில் அடாப்டர் மாட்டிச் செருகிவிடாதீர்கள், ஒயர் உருகும். ஏசிக்கோ மோட்டாருக்கோ போட்டிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கைத் தேடுங்கள். முதல் முறை நான் சென்னையிலிருந்து காரில் ஓவனைக் கொண்டுவந்துவிட்டு, பிளக்கைத் தேடி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று அரை மணி நேரம் அலைந்தேன்.

ஒரு ஓவன்தான் இருக்கிறது என்றால் மூன்று ட்ரே ஆசையை விட்டுவிட்டு, இரண்டு ட்ரேயும் கூட நாலு ஈடு இட்லியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பங்காளி வீட்டு ஓவனையும் கடன் வாங்கிவிடுகிறேன். அதைத் தனி பிளக்கில், முடிந்தால் தனி லைனில் மாட்டுவோம். 5.45க்கு ட்ரேக்கள் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வரும். ஆறு மணிக்கு இரண்டு ஓவனும் மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டும் எரிய 175 டிகிரியில் சூடாகும். 6.15க்கு இரண்டு ட்ரே உள்ளே, நடுத்தட்டில். முதல் அரை மணி நேரம் அலுமினியத் தாளால் மூடி. பிறகு தாளை எடுத்துவிட்டு, ஒதுக்கிவைத்த சீஸைத் தூவி இன்னும் 25 நிமிடம். ஏழேகாலுக்குள் வெளியே வந்துவிடும். மூன்றாவது ட்ரேயை எண்ணெய்க் குளியல் முடித்து மெதுவாக வருகிறவர்களுக்கு என்று அதே சூட்டில் உள்ளே தள்ளிவிட்டு நான் போய் உட்கார்ந்துவிடுவேன்.

வெந்ததா என்று மேல் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ட்ரேயை லேசாக அசைத்தால் நடுப்பகுதி தளும்பக் கூடாது. கத்தியை நடுவில் இறக்கி எடுத்தால் பால் ஒட்டாமல் வர வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி காட்ட வேண்டும், அதுதான் முட்டைக் கலவைக்குப் பாதுகாப்பான சூடு. மேலே சிவந்து உள்ளே தளும்பினால் மறுபடி தாளை மூடி பத்து நிமிடம்.

ஓவனே இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, ஊர் பேக்கரி. விறகு அடுப்பில் மூன்று ட்ரேயும் ஒரே நேரத்தில் போய்விடும். முதல் நாளே போய்ச் சொல்லிவைக்க வேண்டும். அங்கே டிகிரிக் கணக்கெல்லாம் பேச வேண்டாம், 'கேக் சூட்டில் வைத்துக் கொடுங்கள்' என்றால் அவர்களுக்குப் புரியும். நான் முதல் தடவை அதைச் சொல்லாமல் ட்ரேயைக் கொடுத்துவிட்டு வந்தேன். பன் எடுத்த கையோடு அதே சூட்டில் வைத்துவிட்டார்கள். மேலே கரி, உள்ளே கஞ்சி. தப்பு என்னுடையதுதான். பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பரிமாறுவது

ஓவனிலிருந்து எடுத்ததும் வெட்டக் கூடாது, பதினைந்து நிமிடம் நிற்கட்டும். அதற்குள் உள்ளே இருக்கும் ஈரம் அடங்கித் துண்டு நேராக நிற்கும். அந்த நேரத்தில் காப்பியைப் போட்டுவிடலாம். குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று வெட்டினால் எட்டுத் துண்டு. வாழையிலையில் வைத்தால் கீழே ஆவியடித்து இலை வாசம் ஏறும், அது தனி ருசி.

தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸ் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும், கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு வரமிளகாயும் பூண்டும் அரைத்த காரச் சட்னி. கத்தரிக்காய்க் கோசமல்லி வைத்தால் கீரை ட்ரேயோடு அட்டகாசமாகப் போகும், ஆனால் கறி ட்ரேயோடு இரண்டு மசாலாவும் மோதும். கோசமல்லியை முதல் நாளே செய்து வைத்துவிடலாம், காலையில் சுட வைத்தால் போதும்.

மிச்சம் விழுந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்போல ஆகிவிடும். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, துண்டைப் படுக்க வைத்து, சிறு தீயில் இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். எங்கள் அப்பத்தா முதல் வருடம் காலையில் ட்ரேயை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் ஆத்தா, ரொட்டியில முட்டைய ஊத்திச் சுட்டா அது பலகாரமா?" என்று கேட்டு இட்லிப் பக்கம் போய்விட்டார். சாயங்காலம் தோசைக்கல் வாசத்துக்கு எழுந்து வந்து, மிளகுப்பொடி கேட்டு வாங்கித் தூவிக்கொண்டு ஒன்றரைத் துண்டு சாப்பிட்டார். போன விசேஷத்துக்கு முதல் நாளே, கீரை ட்ரேயில் தனக்கு ஓரத்துண்டு வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டார்.